புங்கமரத்தடிப் பெஞ்சு

ஒரே அறை கொண்ட வீட்டில் மாமியாரும் இரண்டு கொழுந்தன்களும் இருக்க, மேகலாவால் கணவனோடு சண்டை போட முடிவதில்லை. ஆகவே குடியிருப்பில் பலரையும் போல அவளும் சண்டையைப் பூங்காவுக்கு எடுத்து வருவாள். புங்கமரத்தடிப் பெஞ்சில் கணவனும் மனைவியும் உட்கார்ந்துவிட்டால் மற்றவர்கள் சுற்றிக்கொண்டு போவது அங்கே எழுதாத ஒழுங்கு.

மூன்று நாள்களாக அடக்கி வைத்திருந்ததை இன்று கேட்டாள்.

“நான் மறுபடியும் தையல் கம்பெனிக்குப் போகக் கூடாதுன்னு சொல்றது நீயா, உங்க அம்மாவா?”

கணவன் துளசிராமன் பெஞ்சில் உதிர்ந்து கிடந்த புங்க இலைகளைத் தட்டிவிட்டான். பூட்டும் நேரமாகிவிட்டதென்று காவலாளி ஏகாம்பரம் விசில் ஊதினார்.

“இன்னும் முடியல அண்ணே,” என்றாள் மேகலா.

“மூணாவது பிளாக்குக்காரங்க அரை மணில முடிச்சிட்டுப் போயிட்டாங்க,” என்று முனகியவர், பூட்டை இடுப்பில் செருகிக்கொண்டு, ஏற்கெனவே நனைந்திருந்த செடிகளுக்கு மறுபடியும் தண்ணீர் விடத் தொடங்கினார்.

தண்ணீர் பாத்தியிலிருந்து வழிந்து பெஞ்சை நோக்கி வந்தது. துளசிராமன் குனிந்து, அவள் கழற்றிப் போட்டிருந்த செருப்புகளை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டான்.

“கம்பெனி வேன் எத்தனை மணிக்கு வரும்?” என்று செருப்புகளைப் பார்த்தபடியே கேட்டான்.

மேகலா கால்களைத் தூக்கிப் பெஞ்சின்மேல் மடக்கி வைத்துக்கொண்டாள். தண்ணீர் இன்னும் வந்துகொண்டிருந்தது.