என்றைக்கு என்று சொல்லாத போன்

“கூத்தைப் பாருங்க டாக்டரம்மா! பாதி ராத்திரி வரைக்கும் அடுப்புல வெந்தவன் நான். தூக்கம் கெட்டுப்போனது இவளுக்கு!”

அப்துல் சலாம் சொல்லிவிட்டுத் தானே சிரித்தார். பக்கத்தில் முக்காட்டை இழுத்துவிட்டு உட்கார்ந்திருந்த மனைவி ஜுலைகா சிரிக்கவில்லை. முந்தாநாள் அடுப்படியில் மயங்கி விழுந்தவள் அவள். பிரஷர் தாறுமாறாக ஏறிக் கிடந்தது. இப்படியே விட்டால் பக்கவாதத்தில் கொண்டுபோய் விட்டுவிடும் என்று பெரம்பலூர் டாக்டர் ஜெயசித்ரா முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டார்.

சவூதியில் பன்னிரண்டு வருஷம் ஓட்டல் சமையல்கட்டில் கிடந்துவிட்டு, சலாம் சொந்த ஊரான லப்பைக்குடிக்காட்டுக்கே வந்துசேர்ந்து ரெண்டு மாதம்தான் ஆகிறது. மகள் நிக்காஹ்வைக்கூட வீடியோ கேசட்டில் பார்த்த மனுஷன். மிச்ச நாளையாவது இவளோடு கழிக்கலாம் என்று வந்தால், இவளுக்கு இப்படி ஆகிவிட்டதே! இவளே போய்விட்டால் ஊருக்கு வந்து என்ன புண்ணியம்?

“இஷா தொழுதுட்டுத் தலையைச் சாச்சா, விடிகாலை பஜர் பாங்குக்குத்தான் எனக்கு முழிப்பு. இவ என்னடான்னா ராத்திரி ரெண்டு மணிக்கு டாண்ணு எந்திரிச்சு உக்காந்துக்கறா. அப்புறம் விடியற வரைக்கும் கொட்டக் கொட்ட முழிச்சிட்டிருக்கா.”

“உடம்புக்குள்ளயே ஒரு கடிகாரம் இருக்குங்க” என்றார் டாக்டர். “வருஷக்கணக்கா ஒரே நேரத்துக்கு எந்திரிச்சா, அது பழகிடும். நாம விட்டாலும் அது விடாது. தூக்கம் போனா பிரஷரும் ஏறும். ஏம்மா, ரெண்டு மணிக்கு உங்களுக்கு அப்படி என்ன வேலை?”

ஜுலைகா தலையைக் குனிந்துகொண்டாள்.

“அட, என் போனு!” சலாமுக்குச் சட்டென்று பொறிதட்டியது. “ஓட்டலைச் சாத்தும்போது அங்க பதினொன்னரை, இங்க ரெண்டு. அப்பதான் பேச முடியும். ஆனா, மாசத்துக்கு ஒருக்காதானே பேசுனேன்?”

“மாசத்துல ஒரு நாள் முழிச்சா இப்படி ஆகாதே. என்னிக்குப் பேசுவீங்க?”

“அதை மட்டும் சொல்லவே மாட்டேங்க” என்றார் சலாம், பெருமையாக. “தேதி சொல்லி, அன்னிக்கு லைன் கிடைக்காமப் போச்சுன்னா, பாவம், காத்திருந்து ஏமாந்துருவா. அவ மனசு நோகக் கூடாதுல்ல?”

ஜுலைகா நிமிர்ந்து புருஷனைப் பார்த்தாள். கண் கலங்கியிருந்தது.

“தேதி தெரியாததாலதாங்க, பன்னெண்டு வருஷமும் தினம் ரெண்டு மணிக்கு எந்திரிச்சு போன் பக்கத்துல உக்காந்திருந்தேன்.”