கேள்வி நேரத்தில் ஒரு நீலச் சேலை

பினாங்கு சட்டமன்றப் பார்வையாளர் மாடத்தின் கடைசி வரிசையில் உட்கார்ந்ததும் நல்லமுத்து தன் மனைவியைத்தான் தேடினான்.

முன்வரிசையில் இருந்தாள் ஜெயலெட்சுமி. கல்யாண வீட்டுக்கு மட்டும் எடுக்கிற நீலச் சேலையில்.

"செபராங் ஜெயாவுக்குப் போறேங்க, ரமணியக்கா வீட்டுக்கு" என்றுதான் காலையில் அவனிடம் சொன்னாள். அக்கா வீட்டுக்குப் போகிறவள் எதற்குக் கண்ணாடி முன்னால் அவ்வளவு நேரம் நிற்க வேண்டும்?

பஸ் ஓட்டப் போகவேண்டியவன், காய்ச்சல் என்று போனில் சொல்லிவிட்டு மோட்டார் சைக்கிளில் அவள் ஏறிய பஸ்ஸின் பின்னாலேயே வந்தான். அக்கரைக்குப் படகேற வேண்டியவள் படகுத்துறைக்குப் போகவில்லை. லைட் ஸ்திரீட்டில், சட்டமன்றத்துக்குப் பக்கத்தில் இறங்கினாள்.

வாசல் படியில் குகன் காத்திருந்தான். அவர்கள் தொகுதியின் சட்டமன்ற உறுப்பினர். மலாய் மரியாதையில் ஊரே ஒய்பி, ஒய்பி என்று கொண்டாடுகிற ஆள். தலை நிறைய முடி. தொப்பையே கிடையாது.

அவன் குனிந்து என்னவோ சொன்னான். அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

அந்தச் சிரிப்பை வீட்டில் பார்த்து எத்தனையோ காலமாகிறது.

கொஞ்ச நாளாகவே இந்தக் கூத்துதான். அடுப்படியில் நின்றுகொண்டு போனில் தாழ்ந்த குரலில் பேசுவாள். அவன் உள்ளே வந்தால் போனைக் கவிழ்த்து வைப்பாள். கேட்டால், "ஒய்பி ஆபீஸ்லேருந்துங்க, குப்பை விஷயமா" என்பாள். குப்பையைப் பற்றி யாராவது கண் கலங்கப் பேசுவார்களா?

ஒரு நாள் அவள் குளிக்கப் போனபோது போனை எடுத்துப் பார்த்துவிட்டான். குகன் கடைசியாக அனுப்பியிருந்தது ஒரே ஒரு வரி.

'நீங்க சரின்னு சொன்னா போதும், வெளியே தெரியாம நான் பார்த்துக்கறேன்.'

அன்றிலிருந்து நல்லமுத்துவுக்குச் சோறு இறங்கவில்லை.

கீழே சபையில் குகன் எழுந்தான். பேச்சு மலாயில்தான். நல்லமுத்துவுக்கு மலாய் தண்ணி பட்ட பாடு. ஆனால் அவன் பேச்சையா கவனித்தான்? குகனின் சட்டையை, கைக்கடிகாரத்தை, கையை ஆட்டும் தோரணையை ஒவ்வொன்றாக அளந்துகொண்டிருந்தான்.

பஸ்கள் கடைசியாக நின்று திரும்பும் இடங்களில் ஓட்டுநர்களுக்குக் கழிப்பறை உண்டா, இல்லையென்றால் எப்போது கட்டப்படும் என்று குகன் கேட்டான்.

போக்குவரத்தைக் கவனிக்கும் ஆட்சிக்குழு உறுப்பினர் எழுந்து, எழுதிவைத்த பதிலை வாசித்தார். ஓட்டுநர்களின் நலனில் மாநில அரசுக்கு முழு அக்கறை உண்டு. அவர்கள் பக்கத்துக் கடைகளைப் பயன்படுத்திக்கொள்ளலாம். இதுவரை எந்த ஓட்டுநரும் புகார் செய்ததில்லை.

துணைக் கேள்விக்காகக் குகன் மறுபடி எழுந்தான். இந்த முறை கையில் காகிதம் இல்லை. தலையைத் தூக்கி மாடத்தைப் பார்த்தான்.

ஜெயலெட்சுமி மெல்லத் தலையாட்டினாள்.

அதை நல்லமுத்து பார்த்துவிட்டான். இத்தனை பேர் முன்னாலேயே இப்படியா!

"என் தொகுதியில் ஒரு ஓட்டுநர் இருக்கிறார்" என்று குகன் ஆரம்பித்தான். "வேலை முடியும்வரை தண்ணீரே குடிக்கமாட்டார். குடித்தால் போவதற்கு இடமில்லை. சிறுநீரகத்தில் கல் வந்துவிட்டது. ஒரு நாள் பாயான் லெப்பாஸில், பஸ் நிறைய ஜனத்தோடு சாலை நெரிசலில் மாட்டிக்கொண்டார். அடக்க முடியவில்லை. இருக்கையிலேயே, போட்டிருந்த சிலுவாரிலேயே போய்விட்டது."

நல்லமுத்து அளப்பதை நிறுத்தினான். அது அவன் கதை.

"வீட்டுக்கு வந்து, மனைவி பார்ப்பதற்கு முன்னால் சிலுவாரை அவரே துவைத்துப் போட்டிருக்கிறார். அவள் கேட்டபோது, மழையில் நனைந்துவிட்டேன் என்றாராம். அன்றைக்குப் பினாங்கில் எங்கேயும் மழை இல்லை. அது அந்த அம்மாவுக்கும் தெரியும். தெரிந்தும், மேலே ஒரு வார்த்தை கேட்கவில்லை."

சபையில் யாரோ இருமினார்கள்.

தெரிந்திருக்கிறது! அன்றைக்கே அவளுக்குத் தெரிந்திருக்கிறது. தலையைத் துவட்டிவிட்டு, மிளகு ரசம் வைத்துக் கொடுத்தாளே. சளி பிடிச்சுடும், குடிங்க என்றாளே.

ஆனாலும் இவனிடம் போய்ச் சொல்லியிருக்கிறாள். கட்டிய புருஷனிடம் கேட்காததை, இந்த முடிக்காரனிடம் அழுது சொல்லியிருக்கிறாள். அது தாங்கவில்லை நல்லமுத்துவுக்கு. பொறாமை போகவில்லை. இடம் மாறி உட்கார்ந்துகொண்டது.

தன்னிடமே கேட்டிருந்தால்?

மழையில் நனைந்தேன் என்றுதான் மறுபடியும் சொல்லியிருப்பான்.

ஆட்சிக்குழு உறுப்பினர் எழுந்தார். கேட்க வருத்தமாகத்தான் இருக்கிறது என்றார். அப்படி ஒரு ஓட்டுநர் உண்மையிலேயே இருந்தால் முன்வந்து சொல்லட்டும், பெயரில்லாத ஒருவருக்காக அரசாங்கம் எதையும் கட்ட முடியாது என்றார்.

"பெயரைச் சொல்லமாட்டேன் என்று அந்த அம்மாவுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன்" என்றான் குகன்.

"அப்படியென்றால் இது வெறும் கதை" என்றது எதிர்ப்பக்கத்துக் குரல் ஒன்று. இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள்.

முன்வரிசையில் ஜெயலெட்சுமியின் தலை தாழ்ந்தது. தாழ்ந்துகொண்டே போனது.

நல்லமுத்து எழுந்து நின்றான்.

"டூடோக் பாங், டூடோக்" என்று காவலர் கையைக் காட்டி உட்காரச் சொன்னார்.

அவன் உட்காரவில்லை. வாயையும் திறக்கவில்லை. பார்வையாளர்கள் பேசக்கூடாது என்று வாசலிலேயே சொல்லித்தான் உள்ளே விட்டார்கள். கைகள் இரண்டையும் தொங்கவிட்டு, கீழே இருந்தவர்களின் கண்ணுக்கு நன்றாகத் தெரியும்படி நின்றான்.

முதலில் சபாநாயகர் நிமிர்ந்து பார்த்தார். பிறகு குகன். பிறகு பதில் சொன்னவர், சிரித்தவர்கள்.

எல்லாரும் எதைப் பார்க்கிறார்கள் என்று கடைசியாகத்தான் ஜெயலெட்சுமி திரும்பினாள்.