மீனின் பாசம்

எங்கள் வீட்டுத் தொட்டி மீன்களுக்குத் தினமும் இரை போடுகிறவன் நான். அதுகளுக்குப் பாசம் மட்டும் என் பெண்டாட்டி மேல்.

"தண்ணியில விரலை வச்சாலே உடம்பெல்லாம் சிலிர்க்குதுங்க! மீனுக்கு என்னை அவ்வளவு பிடிச்சிருக்கு."

மருமகளும் வைத்துப் பார்த்தாள். "ஆமா அத்தை, ஜிவ்வுன்னு ஏறுது!"

நான் யாரையும் லேசில் நம்புகிறவன் இல்லை. கையை விட்டுப் பார்த்தேன். ஒரு எழவும் இல்லை.

"வீட்டுக்குள்ள செருப்போட திரியுற மனுஷனை எந்த மீனுக்குப் பிடிக்கும்?" என்றாள் பெண்டாட்டி. மருமகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

எனக்குப் பொறுக்கவில்லை. மீன் விற்ற கடைக்காரனை வீட்டுக்கே வரவழைத்தேன்.

"நன்றிகெட்ட மீனை என் தலையில கட்டிட்டியே, மாத்திக் குடு!"

அவன் வாசலில் செருப்பை விட்டுவிட்டு வந்து, தொட்டியில் கையை வைத்தான். "ஆத்தாடி!" என்று துள்ளிக் குதித்தான்.

"உன் மேலயுமா பாசம்?" என்றேன் எரிச்சலாக.

அவன் ஓடிப்போய் பிளக்கைப் பிடுங்கினான். "பாசமாவது மண்ணாவது! தண்ணியைச் சூடாக்குற ஹீட்டர்ல விரிசல். தண்ணி முழுக்க கரண்டு! யாரும் சாகாம இருந்ததே பெருசு."

"அப்போ எனக்கு மட்டும் ஏன் அடிக்கல?"

அவன் என் காலைப் பார்த்தான். "ரப்பர் செருப்பு பெரியவரே, அதான்."

பெண்டாட்டிக்கு முகம் தொங்கிப்போனது. "அப்போ மீனுக்கு என்னைப் பிடிக்கவே இல்லையா?"

"யாரையும் பிடிக்கலடி!" என்று கூடம் முழுக்கக் குதித்தேன், செருப்போடுதான்.