கட்டைவிரல்

சிகிச்சை அறையில் டியூப்லைட்டை அணைத்து வைத்திருக்கிறார்கள். நமக்குக் கேட்காத அதன் ரீங்காரம் சிகிச்சைக்கு வந்திருப்பவருக்குக் காதுக்குள் வண்டு குடைவதுபோலக் கேட்கும். ஜன்னல் வெளிச்சத்தில், மடியில் மணல் பையுடன் உட்கார்ந்திருக்கிறார். அந்தப் பாரம் தொடையை அழுத்தினால், கால் இங்கேதான் இருக்கிறது என்று மூளைக்கு உறைக்கிறது. படபடக்கும் கைகள் அடங்குகின்றன. அவருக்கு ஆட்டிசத்தில் ஒரு வகையான ஆஸ்பெர்கர் என்று நாற்பது வயதில்தான் தெரிந்தது. அன்றாட வாழ்க்கையைப் பழக்கித் தரும் தெரபிஸ்ட் எதிரே இருக்கிறார். கொஞ்ச நாளாக ஒரே பாடம்தான்: பக்கத்தில் ஒருவர் கலங்கினால் யோசனை சொல்லக் கூடாது, முகத்தைப் பார்த்து, குரலைத் தாழ்த்தி, ஆறுதலாக ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். சரியாகச் சொன்னால் தெரபிஸ்ட் கட்டைவிரலை உயர்த்திக் காட்டுவார்.

கணவருக்குப் பக்கத்து நாற்காலியில் மனைவி கைப்பையின் ஜிப்பை இழுத்து இழுத்து மூடுகிறாள். “நான் அக்கா வீட்டுக்கே போயிடறேங்க. இனி வரமாட்டேன். என்னால முடியல.” குரல் உடைகிறது; இது பயிற்சிக்காகச் சொன்னதல்ல. “அங்க நாய் இருக்கே, உனக்குத் தும்மல் வருமே, மாத்திரைய மறக்காம...” என்று தொடங்கியவர் சட்டென்று நிறுத்துகிறார். பாடம் நினைவுக்கு வந்துவிட்டது. அவள் பக்கம் திரும்புகிறார், முகத்தைப் பார்க்கிறார், குரலைத் தாழ்த்துகிறார். “உனக்கு ரொம்பக் கஷ்டமா இருக்கும்ல.” இவ்வளவு இதமாக அவர் ஒருநாளும் பேசியதில்லை. சொல்லி முடித்ததும் தெரபிஸ்ட்டின் கையைப் பார்க்கிறார். அது மேஜைமேல் கிடக்கிறது, எழவில்லை. அவர் விரல்கள் மணல் பையைப் பிசையத் தொடங்குகின்றன. அதைப் பார்த்துவிட்டு, கண்ணைத் துடைத்த கையாலேயே மனைவி கட்டைவிரலை உயர்த்துகிறாள். அவர் முகம் நிறையச் சிரிக்கிறார்.