சந்தேகத்துக்கு ஓர் எடுத்துக்காட்டு

அகராதி அலுவலகத்தில் மதியச் சாப்பாடு முடிந்ததும் மூத்த பதிப்பாசிரியர் அச்சுத்தாளைப் பிரித்தார். 'சந்தேகம்' என்ற சொல் இருந்த பக்கம்.

வேர், பூசுதல் என்று பொருள்படும் வடசொல். தெளிவாக இருந்த ஒன்றின் மேல் எதையோ அப்பிவிட்டால் எது எதுவென்று தெரியாமல் போகிறதே, அதுதான் சந்தேகம். தானே எழுதியதுபோல் அத்தனை கச்சிதம்.

கீழே எடுத்துக்காட்டு வாக்கியம்: 'மனைவி சத்தம் வராத செருப்பு வாங்கிய நாளிலிருந்து அவனுக்குச் சந்தேகம்.'

அந்த வரியை இன்னொரு முறை படித்தார்.

அவர் மனைவியும் அப்படித்தான் ஒரு செருப்பு வாங்கியிருக்கிறாள். ரப்பர் அடி. பூனை மாதிரி நடக்கிறாள். தினமும் மாலை அவர் வீட்டுக்குள் நுழைந்து சட்டையைக் கழற்றுவதற்குள், வியர்த்து விறுவிறுத்துப் பின்னாலேயே வந்து நிற்கிறாள். கேட்டால் கடைக்குப் போனேன் என்பாள். கையில் பை காலியாகத் தொங்கும்.

இந்தச் செருப்பு விஷயம் வெளியாளுக்கு எப்படித் தெரியும்?

பக்கத்து மேசையில் துணைப் பதிப்பாசிரியர் பல் குத்திக்கொண்டிருந்தார். பல வருஷப் பழக்கம். போன ஞாயிறுகூட வீட்டுக்கு வந்து, அடுப்படியில் அவளோடு குசுகுசுவென்று பேச்சு. இவர் தலையைக் கண்டதும் இரண்டு பேரும் கப்சிப்.

எழுந்து போய்த் தாளை அந்த மேசைமேல் வீசினார்.

"இதை எழுதினவன் யாருடா?"

துணைப் பதிப்பாசிரியர் பல்குச்சியைக் கீழே வைத்தார். அக்கம்பக்கம் பார்த்துவிட்டு நாற்காலியை நெருக்கிப் போட்டுக்கொண்டார்.

"நீங்கதாண்ணே. போன வாரம் நீங்க சொல்லச் சொல்ல நான் டைப் அடிச்சேன்."

இவர் சிரிக்கப் பார்த்தார். சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது.

"ரெண்டு தடவை வீட்டுக்கு வழி தெரியாம நடுரோட்டுல நின்னுட்டீங்க. அதுலேர்ந்து அண்ணி தினமும் உங்க பின்னாலயே நடந்து வர்றாங்க. பழைய செருப்பு சத்தம் கேட்டா நீங்க திரும்பிப் பார்த்துடுவீங்கன்னுதான் இது. சொன்னா உங்க மனசு தாங்காதாம்."

தாளை எடுத்துக்கொண்டு தன் இடத்துக்கு வந்து உட்கார்ந்தார்.

மாலையில் தெருவில் இறங்கியவர் ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. அவளுக்கு முழங்கால் வலி இருப்பது நினைவுக்கு வந்தது.

நடையை மெதுவாக்கிக்கொண்டார்.