உடையக் கூடாதது

“பயப்படாத குஞ்சு, இன்னும் ரெண்டு ஹம்ப்தான்.”

பக்கத்து இருக்கையில் பெல்ட் போட்டு இருத்தியிருந்ததை இடக்கையால் அணைத்தபடி, றமணன் காரை மேட்டில் ஏற்றி இறக்கினான். இருபது மைல் வேக வீதியில் அவன் போனது பத்து மைலில். பின்னால் வந்த வான்காரன் ஹோர்ன் அடித்தே களைத்துப்போனான்.

இருந்தது பிள்ளையில்லை, முட்டை. மகள் ஜதுர்ஷிகாவின் பள்ளிக்கூடத்தில் இன்றைக்குப் போட்டி. மூன்றாம் மாடியிலிருந்து விழுந்தாலும் உள்ளே இருக்கும் பச்சை முட்டை உடையாதபடி ஒரு கூடு செய்ய வேண்டும். வெல்லும் ஒருவர்தான் அடுத்த மாதம் பள்ளிகளுக்கிடையிலான போட்டிக்குப் போகலாம்.

மற்றப் பிள்ளைகள் பலூன், பஞ்சு என்று தேடிக்கொண்டிருக்க, இவளுக்குத் தேங்காய் ஞாபகம் வந்தது. “அவ்வளவு உயரத்தில இருந்து விழுது, உடையுதே?” என்று கேட்டாள். சிரட்டை இரண்டைக் காயவைத்து, உள்ளே தேங்காய்நார்த் தும்பு அடைத்து முட்டையை நடுவில் வைத்து ஒட்டினாள். வெளியிலும் தும்பை இறுக்கிச் சுற்றி, உச்சியில் குடுமிகூட விட்டிருந்தாள். மூன்று கிழமை வேலை.

அதை றமணனிடம் ஒப்படைக்க அவள் லேசில் சம்மதிக்கவில்லை. போன வருஷம் அவள் ஸ்ட்ரோவால் கட்டிய பாலத்தின்மேல், ஷிப்ட் முடிந்து வந்த களைப்பில் பையைப் போட்டு நொறுக்கியவன் அவன். அதற்குப் பிறகு பள்ளிக்கூடச் சாமான் எதையும் அவள் அவன் கண்ணில் காட்டியதேயில்லை. ஆனால் காலை பஸ்ஸில் நெரிசல், வேறு வழியும் இல்லை.

“சாமித்தட்டில வச்சிருக்கிறன். பதினொரு மணிக்கு ஒஃபிஸில குடுங்கோ,” என்று காலையில் வாசலில் நின்று சொன்னாள். “அப்பா, இந்தமுறையும் பிழைச்சுதெண்டால் நான் உங்களோட கதைக்கவே மாட்டன்.”

சிரித்துக்கொண்டு சொல்லியிருந்தால் பரவாயில்லை. அவள் சிரிக்கவில்லை.

அவன் புறப்படும்போது வீட்டில் யாருமில்லை. மகள் வெல்ல வேண்டும் என்று பிள்ளையாருக்குத் தேங்காய் அடிக்க, மனைவி பிறேமினி அவனுக்கு முன்னமே கோயிலுக்குப் போய்விட்டாள்.

பள்ளிக்கூடத்தில் காரை நிறுத்தி, அதை இரு கைகளாலும் தூக்கியபோது உள்ளே ஏதோ குலுங்கியது. முட்டை கழன்றுவிட்டதோ? ஒட்டியதைப் பிரித்துப் பார்க்கவும் ஏலாது. சாமியை நினைத்துக்கொண்டு ஒஃபிஸில் கொடுத்தான்.

பிள்ளைகளை ஜன்னல் பக்கம் விடமாட்டார்கள். விஞ்ஞான ரீச்சரே மேலேயிருந்து பெயரைக் கூப்பிட்டு ஒவ்வொன்றாகப் போட்டாள். கீழே கயிறு கட்டிய எல்லைக்கு வெளியே பிள்ளைகள் நின்றார்கள். வந்திருந்த இரண்டு மூன்று பெற்றோரோடு றமணனும் நின்றான்.

எட்டுக் கூடு விழுந்தது, எட்டு முட்டையும் போனது. ஜதுர்ஷிகா நகத்தைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

“கவனமாக் கொண்டு வந்தனீங்களோ?”

“பத்து மைலிலதான் வந்தனான்.”

மேலே அவளுடைய பெயரைக் கூப்பிட்டார்கள். மண்ணிறப் பந்து ஒன்று ஜன்னலைவிட்டு விழுந்தது. றமணன் கண்ணை மூடிக்கொண்டான்.

படார் என்று கேட்டது. கண்ணைத் திறந்தபோது அது இரண்டாகப் பிளந்து கிடந்தது. சுற்றிவர நிலம் ஈரம்.

கீழே நின்ற உதவி ஆசிரியர் குனிந்து இரண்டு பாதியையும் தூக்கிப் பார்த்தார். “இதற்குள் முட்டையே இல்லையே. இது வெறும் தேங்காய்!” பிள்ளைகள் சிரித்தார்கள்.

ஜதுர்ஷிகா மெல்லத் தகப்பன் பக்கம் திரும்பினாள். “அப்பா, சாமித்தட்டில எத்தினை இருந்தது?”

“ஒண்டுதானே இருந்தது.”

“நான் காலமை வைக்கேக்க ரெண்டு.”

பிறேமினி அவசரத்தில் முந்தி எடுத்துக்கொண்டு போனது எது என்று றமணனுக்கு இப்போது விளங்கியது. மிஞ்சிக் கிடந்ததைப் பார்க்காமல் கொள்ளாமல் தூக்கி வந்தவன் அவன்.

“முட்டை இல்லாததை நான் கணக்கில் எடுக்கவில்லை. சரியானது இருந்தால் மூன்று மணிக்கு முன்னர் கொண்டுவரலாம்,” என்றார் உதவி ஆசிரியர் நல்ல மனதோடு.

இருந்தால்! மணி பன்னிரண்டே கால். பூசை முடிந்திருக்கும். கோயில் வாசல் கல்லில், பிள்ளையாரை நினைத்து, பிறேமினி கையை ஓங்கியிருப்பாள். அவள் அடித்தால் தேங்காய் எட்டாகச் சிதறும், அதில் அவளுக்குப் பெருமையும்கூட.

றமணன் போனை எடுத்து அடித்தான். ஓஃப். திரும்ப அடித்தான். அப்போதும் ஓஃப்.

ஜதுர்ஷிகா நாலடி தள்ளிப்போய், அவனுக்கு முதுகைக் காட்டி நின்றாள். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பான்.

கையில் போன் அதிர்ந்தது. பிறேமினிதான். விக்கி விக்கி அழுகிறாள்.

“இஞ்சாருங்கோ, பிள்ளைக்குச் சொல்லிப்போடாதேங்கோ. பெரிய அபசகுனமாப் போச்சு.”

“என்னப்பா நடந்தது? தேங்காய் எங்க?”

“என்ர கையிலதான். மூண்டு தரம் ஓங்கி அடிச்சும் உடையேல்லையப்பா!”