பதினாறாவது பிரிவு

குழந்தைகள் உரிமை மாநாட்டில் மறுநாள் பேசவிருந்த வக்கீல், வீட்டுக் கூடத்தில் ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தார்.

"சர்வதேச ஒப்பந்தத்தின் பதினாறாவது பிரிவுப்படி, குழந்தைக்கும் அந்தரங்கம் உண்டு. அதனால், பிள்ளைகளின் டைரியைப் பெற்றோர்கூடப் புரட்டக் கூடாது."

சோபாவில் கிடந்த மகள் நிமிர்ந்தாள். "நீங்களுமாப்பா?"

"நான் தொடுவேனாம்மா? சட்டம் படிச்சவன்."

"ஒரு தடவைகூட?"

"ஒரு தடவைகூட." நாக்கு கொஞ்சமும் குழறவில்லை.

மகளின் முகம் தொங்கிப்போனது. சமையலறைக்குள் போய் அவள் புலம்பியது கூடம்வரை கேட்டது.

"அப்பா என் டைரியைப் படிக்கிறதே இல்லையாம்மா. பெயின்ட் பாக்ஸ் வேணும்னு எழுதினேன், வந்துச்சு. அது ஏதோ தற்செயலா வந்தது போல. ஸ்கேட்டிங் ஷூ வேணும்னு மூணு நாளா வேலை மெனக்கெட்டு எழுதறேன். எல்லாம் வேஸ்ட்."

வக்கீல் ஓசைப்படாமல் காருக்குப் போனார். நேற்றே வாங்கி வைத்திருந்த ஸ்கேட்டிங் ஷூவை டிக்கிக்குள் இன்னும் ஆழமாகத் தள்ளி, அதன்மேல் கேஸ் கட்டுகளை அடுக்கினார்.